பளபளப்பு தந்த பாடம்

பிழைப்பு நாடி வெளியூர் வந்த நம்மவர்க்கு ஓர் அறையே கூடமும் படுக்கையறையும் ஆகும். கல்யாணில் நான் வசிக்கும் அறைக்குச் சென்ற தீபாவளியின்போது நானே வர்ணம் பூசினேன். குழந்தைகளின் கிறுக்கலைத் துடைக்க எளிதென்று எண்ணி, கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் உரிய பளபளப்பான எனாமலைச் சுவருக்குப் பூசிவிட்டேன்.

இரவு விளக்கேற்றியதும் பிழை விளங்கிற்று. சுவரின் மேடு பள்ளம் யாவும் வெளிப்பட்டன. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயார் கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர். கண் கூசுகிறதென்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை வெளி நடைக்கு நகர்த்திக்கொண்டார்.

பதறிப்போய் அதன்மேலேயே பளபளப்பற்ற எமல்ஷனைப் பூசினேன். வழவழப்பில் அது பற்றவில்லை; நகம் பட்டதும் தோலாய் உரிந்தது. பணம் வீண், இரு ஞாயிற்றுக்கிழமைகளும் வீண்.

பின்னர் வயது முதிர்ந்த பெயிண்டர் ஒருவர் முறையைக் கற்பித்தார். உரிந்ததைச் சுரண்டி, சோப்பு நீரால் பிசுக்கைக் கழுவி உலரவிட வேண்டும். பளபளப்பு மாயும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பள்ளங்களில் பட்டி பார்க்க வேண்டும். அதன்மேல் பிரைமர் ஒரு பூச்சு, எமல்ஷன் இரு பூச்சு. ஒன்று நன்கு காய்ந்த பின்னரே மற்றொன்று.

அன்பர்களே, ஓர் எச்சரிக்கை. 2017 நவம்பருக்கு முன் தயாரான வர்ணங்களில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். பழைய சுவரை நீர் தொட்டே தேயுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

வேலை முடிந்த மறுநாள் மாலை, அம்மா நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். சுவருக்கு அழகு மினுமினுப்பன்று, கண்ணுக்கு இதமே.