காட்டுக்குள் ஓடும் பந்தயமும் காண வரும் ஜனங்களும்

ஒரு பந்தயத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மாத்திரம் கண்டுவிட்டு, இடையே ஐந்து மணி நேரம் நடந்த போராட்டத்தைப் பிறர் சொல்லக் கேட்டு அறிய வேண்டிய நிலையில் ஒரு ரசிகனை நிறுத்திவிட்டால், அவன் மறு வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். நெடுந்தூர மலை சைக்கிள் பந்தயத்துக்கு நேர்ந்திருக்கும் சங்கடம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெங்களூரில் எங்கள் ஈஜிபுராவின் வழியாக, தடித்த டயரும் தலைக்கவசமுமாக, துரஹள்ளிக் காட்டை நோக்கிச் செல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு எழுவதுண்டு. 1997-ஆம் வருஷத்துத் தேசிய விளையாட்டு விழாவுக்கு வந்தவர்கள் தங்குவதற்கென்று எழுப்பிய குடியிருப்பு எங்கள் பேட்டையை ஒட்டியே நிற்கிறது. விளையாட்டு இங்கே அந்நியமான விஷயமல்ல. ஆயினும் சிம்லாவிலிருந்து புறப்பட்டு, கணவாய்களையும் சேற்றுப் பாதைகளையும் நாள் கணக்கில் கடந்து செல்லும் ‘எம்.டி.பி. ஹிமாலயா’ என்ற பந்தயம் 2005 முதல் நம் தேசத்திலேயே நடந்து வருகிறது என்று தேநீர்க் கடையில் சொன்னால், “அப்படியா சார்?” என்றுதான் கேட்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று, கண்ணில் காட்டாத ஒன்றை மனிதர்கள் எப்படி நேசிப்பார்கள்?

இந்தச் சங்கடத்தை உலகம் முதலில் தீர்க்க முயன்றது, பாதையை வட்டமாக வளைத்தும் நேரத்தைக் குறைத்தும்தான். மலை சைக்கிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996-இல், அட்லாண்டா விழாவில், நெதர்லாந்துக்காரரான பார்ட் பிரெண்ட்ஜன்ஸ் வெற்றி பெற இரண்டே கால் மணிக்கு மேல் ஆயிற்று. 2024-இல் பாரிஸ் விழாவில் அது ஒன்றரை மணிக்கும் குறைந்துவிட்டது. அந்தப் பாரிஸ் பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். எலான்கூர் குன்றில் முன்னணியில் சென்றுகொண்டிருந்த இங்கிலாந்தின் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் பஞ்சராயிற்று. நினைத்த இடத்தில் புதுச் சக்கரம் வாங்க விதி இடம் தராது. உதவியாளர் நிற்கும் குறிப்பிட்ட இடம்வரை காற்றில்லாத சக்கரத்தோடு வண்டியைச் செலுத்திப் போய், அங்கே சக்கரம் மாற்றும்வரை காத்து நின்று, ஏறக்குறைய 40 வினாடிகளை இழந்து, பலரையும் முன்னே போகவிட்டு, பிறகு ஒருவர் ஒருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் ஒரு மரத்தின் மறுபுறமாக வண்டியைத் திருப்பி, உள்ளூர் மக்கள் உயிரைக் கொடுத்து உற்சாகப்படுத்திய பிரான்ஸ் வீரர் விக்டர் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வென்றார். சுற்றுப் பாதையாக இருந்ததால் குன்றின்மேல் நின்ற ஜனங்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளி சுருங்குவதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள். இதைவிடச் சுவாரஸ்யமான நாடகம் வேறென்ன வேண்டும்?

2018-இல் உலகக் கோப்பையில் அரை மணிக்கும் குறைந்த குறும்பந்தயம் ஒன்றையும் சேர்த்தார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கும் சக்திக்குப் பெயர்போன ஒரு கலையை வரவரச் சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அந்தக் கலையாக இராது என்பதே என் அபிப்பிராயம். நெடுமையை நெடுமையாகவே வைத்துக்கொண்டு ஜனங்களைக் கவர முடியும். 1992-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரே சுற்றுப் பாதையில் குழுவினர் முறைவைத்து ஓட்டினார்கள். பக்கத்திலேயே கூடாரம் அடித்த குடும்பங்கள் சமைத்தும், உறங்கியும், நள்ளிரவில் காட்டுக்குள்ளிருந்து வெளிப்படும் விளக்கு தம்முடையவனுடையதா என்று எட்டிப் பார்த்தும் பொழுதைக் கழித்தன. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் எட்டு நாள் நடக்கும் ‘கேப் எபிக்’ பந்தயத்தை இருவர் இருவராகவே ஓட்ட வேண்டும். ஜோடியில் ஒருவர் மற்றவரை விட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது சட்டம். பலசாலி பின்தங்கிய தோழனுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதைக் காண்பவனுக்குப் பந்தயத்தின் நுணுக்கம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சிக்கு வரும்போது கஷ்டம் அதிகம். அடர்ந்த மரக் கிளைகளுக்குக் கீழே ஓடுபவனை ஆகாயத்திலிருந்து படமெடுக்க இயலாது. பள்ளத்தாக்கில் அலைவரிசையும் அறுந்து போகும். ஆகவே காமிரா எட்டும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், ஓர் ஓடை என்று சில இடங்களைத் தேர்ந்து அங்கேயே கருவிகளை நிறுத்தி, மற்ற நேரத்தில் முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே உள்ள வினாடிக் கணக்கையும், எஞ்சியிருக்கும் ஏற்றத்தின் வரைபடத்தையும் திரையில் காட்டிக்கொண்டிருப்பதே உசிதம். மீதியை வர்ணனையாளர் செய்ய வேண்டும். கண்ணால் காணாத கிரிக்கெட்டைச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழ் வர்ணனையால் எத்தனை வீடுகளுக்குள் கொண்டுவந்தார்! மலை சைக்கிளுக்கு அப்படி ஒரு குரல் தமிழிலோ கன்னடத்திலோ இன்னும் வாய்க்கவில்லை. எந்த வீரன் எந்த ஏற்றத்தில் கியரைக் குறைப்பான், எவன் இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே மாட்டான் என்றெல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்து, அவனுடைய ஊரையும் பிழைப்பையும் சொல்லக்கூடியவர் வேண்டும். சைக்கிளுக்காக அழுகிறவர்கள் இல்லை. ஒரு மனிதனுக்காகத்தான் ஜனங்கள் பதைக்கிறார்கள்.

பாதைக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியின் தோட்டச் சரிவுகளில் நடந்தது. மரம் மறைக்காத தேயிலைச் சரிவில் நிற்பவனுக்குப் பாதையின் பெரும்பகுதி ஒரே பார்வையில் அகப்படும். காட்டு விலங்குகளுக்கும் தொந்தரவு குறைவு. நீலகிரியிலும் வால்பாறையிலும் அப்படிப்பட்ட சரிவுகளுக்குக் குறைவில்லை. தோட்டக்காரர்களின் சம்மதமும், அங்கே வேலை செய்யும் குடும்பங்களுக்கு முன்வரிசையில் இடமும், சரிவெங்கும் கேட்கும்படி ஒரு நல்ல ஒலிபெருக்கியும் இருந்துவிட்டால் முதல் பந்தயத்தை நடத்திவிடலாம்.