ஸ்கேன் நார்மல்... ஆனாலும் அடிவயிறு வலிக்கிறதா? டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்!

‘பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்கள் ஏராளம். அடிவயிற்று வலி ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட வலி. கர்ப்பப்பை மட்டுமல்ல, சிறுநீர்ப்பை, குடல், இடுப்புத் தசைகள்கூட காரணமாகலாம். உலக அளவில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதத்தினரைப் பாதிக்கும் எண்டோமெட்ரியோசிஸ், சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி விஷயம் மறந்துவிடும். எனவே, காலண்டரிலேயே குறித்துவாருங்கள். எந்தெந்த நாளில், எந்த இடத்தில் வலி? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள்? மலம், சிறுநீர் கழிக்கும்போதோ, தாம்பத்யத்தின்போதோ வலிக்கிறதா? எந்த மாத்திரைக்குக் கேட்டது? வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எழுதிய தாளையே நீட்டலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:

* என் வலிக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?
* ஸ்கேனில் தெரியாத பிரச்னையாக இருக்குமா? அடுத்த பரிசோதனை என்ன?
* லேப்ராஸ்கோபி அவசியமா? அதற்கு முன் மருந்தில் முயற்சி செய்யலாமா?
* இந்த மருந்தின் பக்கவிளைவுகள் என்ன? குழந்தைப்பேற்றைப் பாதிக்குமா?
* பிசியோதெரபி உதவுமா?
* எத்தனை நாளில் பலன் தெரியும்? குறையாவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும்?

திடீரெனத் தாங்க முடியாத வலி, காய்ச்சல், மயக்கம், அதிக ரத்தப்போக்கு இருந்தாலோ, நாள் தள்ளிப்போன நிலையில் வலித்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்!