எழுபது வளைவுகளும் ஒரு கண்ணாடியும்

மோட்டார் சைக்கிள் என்று சொன்னதுமே நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பது வழக்கம். பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், திரும்பி வரும் வரையில் தாயாரின் கண் வாசலிலேதான் இருக்கும். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நம் தேசத்தில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்குக் கூறுகிறது. அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு பகல் முழுவதும் மோட்டார் சைக்கிள்களில் கோஷ்டியாகப் பிரயாணம் செய்வதைப் பற்றி இங்கே எழுத முன்வந்திருக்கிறோம். தனியாகப் போகிறவன் எளிதில் கற்றுக்கொள்ள முடியாத ஒரு பாடத்தைக் கோஷ்டியாகப் போகிறவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். பின்னால் வருகிறவரை நினைத்துக்கொண்டே முன்னால் போவது எப்படி என்பதுதான் அந்தப் பாடம்.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரையில் நிமிர்ந்து நிற்கிறது இந்த மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. அவன் எய்த ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரையில் ஐந்து பிராணிகளைத் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு சொல்கிறது. அந்த அம்பு நேராகப் போயிற்று. இப்போது மலை ஏறுகிற சாலையோ அதற்கு நேர் விரோதம்! அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

எங்கள் கோஷ்டியில் ஒன்பது வண்டிகள், பத்துப் பேர். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் நால்வர், ஒரு டாக்டரும் அவருடைய மனைவியும், பாங்கிக் குமாஸ்தா ஒருவர், மெக்கானிக் ஒருவர், புதிதாக வண்டி ஓட்டப் பழகியிருந்த ஓர் ஆசிரியை. இவர்களுக்கெல்லாம் தலைவராக, முப்பது வருஷ காலம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நாமக்கல் லாரிகளுக்குப் பெயர் போன ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். பெரியவர் ஓட்டியது ஒரு பழைய புல்லட். அந்த வண்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. பிற்பாடு இங்கிலாந்திலே தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. நம் நாட்டுத் தொழிலாளிகளின் கைத்திறமையாலேயே அந்தப் பெயர் உலகத்தில் நிலைத்து நின்றது. நாமும் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளலாம் அல்லவா?

புறப்படுவதற்கு முதல் நாள் மாலையே மெக்கானிக் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, டயர்களில் காற்று, பிரேக், சங்கிலி, விளக்கு, ஹாரன் ஆகியவற்றைச் சோதித்தார். பக்கத்துக் கண்ணாடி இல்லாமல் வந்த ஒரு வண்டிக்குக் கடையிலிருந்து வாங்கி வந்து பூட்டிய பிறகே விட்டார். அப்புறம் பெரியவர் சட்டங்களை எடுத்துச் சொன்னார்.

தலைக்கவசம் இல்லாதவருக்குக் கோஷ்டியில் இடமில்லை. வழி தெரிந்தவர் முதலில் போக வேண்டும். எல்லோரிலும் புதியவர், மெதுவாகப் போகிறவர் எவரோ, அவர் தலைவருக்கு அடுத்தபடி இரண்டாவதாக வர வேண்டும். வண்டிப் பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். சமவெளிச் சாலையில் ஒருவர் சற்று வலப் பக்கமும் அடுத்தவர் சற்று இடப் பக்கமுமாக மாறி மாறிப் போகலாம். மலையிலோ ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசை. வளைவில் எதற்காகவும் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் முன்னால் போகிறவரும் தம் கண்ணாடியைப் பார்த்துக் குறைப்பார். இப்படியே செய்தி ஒரு வார்த்தையும் இல்லாமல் தலைவர் வரையில் போய்ச் சேர்ந்துவிடும்.

குமாஸ்தா இளைஞர், வண்டியும் புதிது. அவருக்கு இது பிடிக்கவில்லை. "அப்படியானால் நாளெல்லாம் ஆமை வேகத்திலேதான் போக வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார்.

"ஆமைதான் தம்பி ஊர் போய்ச் சேர்ந்தது. முயல் வழியிலே தூங்கிப் போச்சு. சாலையிலே தூங்கிற முயல் சில சமயம் எழுந்திருக்கிறதே இல்லை" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒருவருடைய சிரிப்பும் நீடிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நாமக்கல் பாறைக் கோட்டையை வலம் வந்தாற்போல் புறப்பட்டுச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்தோம். சாலையின் இரு புறமும் தென்னையும் பாக்கும் வயலுமாக ஒரே பசுமை. எதிரே கொல்லிமலை நீலச் சுவரைப் போல் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவு உயரத்தில் ஒரு சாலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ஏறத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு வளைவு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல், வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பஸ் இறங்கினால் அது திரும்புவதற்குச் சாலை முழுவதும் தேவைப்படும். ஆகையால் வளைவுக்குக் கீழேயே ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவதே புத்திசாலித்தனம். குறுகலான மலைச் சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டம் பஸ்ஸின் நீளத்தைக் குறைத்துவிடாது அல்லவா?

நாற்பது வளைவுகளைக் கடந்ததும் கீழே தெரிந்த காட்சியை என்னவென்று சொல்வது! நாங்கள் ஏறி வந்த சாலை, யாரோ உதறிப் போட்ட நாடாவைப் போல் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அதற்கப்பால் வயல்களும் ஏரிகளும் பனி மூட்டத்தில் மிதந்தன. குமாஸ்தா வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுக்கக் கையை உயர்த்தி அனுமதி கேட்டார். பின்னாலிருந்த மெக்கானிக் ஹாரனை அடித்து, "மேலே போங்க, மேலே போங்க!" என்று சத்தமிட்டார். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார்.

அரை நிமிஷம்கூட ஆகியிராது. மேலே எங்கேயோ சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. பெரியவர் கையை நீட்டி ஓரங்கட்டினார். கண்ணாடிக்குக் கண்ணாடி செய்தி பறந்தது. ஒன்பது வண்டிகளும் மலைச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. 108 ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டி இறங்கியது. உள்ளே ஒரு பெண் முனகுகிற குரலும், "பொறுத்துக்க கண்ணு, வந்தாச்சு, வந்தாச்சு" என்று ஒரு கிழவி சொல்கிற குரலும் ஒரு கணம் காதில் விழுந்தன. நாங்கள் சற்று முன் கடந்து வந்த வளைவில், நாங்கள் நிற்காத இடத்தில், அந்த வண்டி சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பிக் கீழே மறைந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. குமாஸ்தா தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் எவரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலே சோளக்காட்டில் தேநீர் குடிக்கும்போது இதைப் பற்றிக் கடைக்காரக் கிழவரிடம் சொன்னோம். "பிள்ளைப்பேறா இருக்குமுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கித்தானுங்களே ஆகணும்?" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "நீங்க வளைவு எண்ணிக்கிட்டு வர்றீங்க. நாங்க நிமிஷம் எண்ணிக்கிட்டு இறங்கறமுங்க" என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

அதன் பிறகு மலையை நாங்கள் பார்த்த பார்வையே வேறு. செம்மேட்டில் ஓரியின் சிலையைக் கண்டோம். ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அவனுக்கு இங்கே விழா நடக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம் செய்துகொண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாகக் குதிக்கும் அற்புதத்தைக் கண்டோம். இறங்குவது எளிது, ஏறுவதுதான் பிரம்மப் பிரயத்தனம்! டாக்டரின் மனைவி பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் கோஷ்டி முழுவதும் உட்கார்ந்தது. எல்லோருக்கும் முந்தி உட்கார்ந்தவர் குமாஸ்தா!

வழியெல்லாம் பலாவும் வாழையும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் செழித்திருந்தன. முற்காலத்தில் இம்மலை மக்கள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றையே பெரும்பாலும் பயிரிட்டு உண்டார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகப் பெருக, சிறுதானிய நிலம் சுருங்கியது. அவற்றின் பழைய விதைகளைக் காப்பாற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களுடன் சேர்ந்து நெடுங்காலம் உழைத்திருக்கிறது. திரும்பும்போது ஆளுக்கு ஒரு படி சாமை வாங்கிக்கொண்டோம். மலைக்குப் போகிறவர்கள் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் அங்கே விட்டுவிட்டு வருவதற்குப் பதிலாக, மலைக்காரரின் விளைச்சலை விலை கொடுத்து வாங்கி வருவது எவ்வளவோ மேல்.

இறங்குவதற்கு முள்ளுக்குறிச்சி வழியிலுள்ள மற்றொரு சாலையைப் பிடித்தோம். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டோ, கியரை விலக்கிவிட்டோ வருவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பேராபத்து. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். அந்தி மயங்கும் வேளையில் நாமகிரிப்பேட்டையையும், நெய்க்குப் பேர் பெற்ற இராசிபுரத்தையும் கடந்து வந்தோம். அன்றைய சுற்று 150 கிலோமீட்டருக்கு மேல்.

திரும்பும்போது குமாஸ்தா தாமாகவே மூன்றாவது இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவருக்கு முன்னால் ஆசிரியையின் சிறிய வண்டி. பின்னால் டாக்டர் தம்பதிகள். முதல் நாள் மாலையில் அவர் ஆமை வேகம் என்று சொன்ன அதே வேகம்தான். ஆனால் பத்துப் பேரும் ஒன்றாகப் புறப்பட்டு, பத்துப் பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

சுதந்திரம் என்றால் மனம் போன போக்கில் போவது என்று இளைஞர்கள் சிலர் எண்ணுகிறார்கள். திறந்த சாலையும் புது வண்டியும் அந்த எண்ணத்தை வளர்க்கவே செய்யும். சாலை எல்லோருக்கும் சொந்தம். அவசரமாக இறங்கி வருகிற கர்ப்பிணிக்கு அது நம்மைக் காட்டிலும் அதிகம் சொந்தம். வீட்டில் பிள்ளைகள் வண்டி கேட்டால் பெற்றோர்கள் ஒரேயடியாக மறுத்துவிட வேண்டியதில்லை. நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வண்டியின் இரு பக்கமும் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கண்ணாடி தலை வாரிக்கொள்வதற்காக அங்கே வைக்கப்படவில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.