கடல்பாசியில் ஒரு டி-ஷர்ட்!

நீங்கள் அணிந்திருக்கும் உடையின் உள்பக்க லேபிளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ‘பாலியெஸ்டர்’ என்று இருக்கலாம். பருத்தியோடு கலந்தும் இருக்கலாம். உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர்தான். பெட்ரோலியத்திலிருந்து வரும் இது ஒருவகை பிளாஸ்டிக். துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய துகள்கள் உதிர்ந்து, சாக்கடை வழியே கடலில் சேர்கின்றன. தூக்கிப்போட்டாலும் எளிதில் மட்காது.

அந்தக் கடலிலிருந்தே நூல் எடுக்கும் முயற்சியில் இறங்கியது, அமெரிக்காவில் ஒரு மாணவர் குழு.

2016-ம் ஆண்டு. கலை மாணவர்களையும் உயிரியலையும் இணைக்கும் ‘பயோடிசைன் சேலஞ்ச்’ போட்டிக்காக, நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் ஓர் அணி சேர்ந்தது. டெஸ்ஸா கலகனும் அலெக்ஸாண்ட்ரா கோஸ்யெவ்ஸ்கியும் அங்கே ஆடை வடிவமைப்பு படித்தவர்கள். ஆரோன் நெஸ்ஸர், ப்ராட் இன்ஸ்டிடியூட்டில் தொழில்துறை வடிவமைப்பு படித்தவர். வழிகாட்டிய பேராசிரியை தியான் ஷிரோஸோ, பொருளறிவியல் ஆய்வாளர்!

அவர்கள் கையிலெடுத்தது ‘கெல்ப்’ என்ற பழுப்புக் கடல்பாசி. இது வளர விளைநிலம் வேண்டாம், உரம் வேண்டாம், நன்னீரும் வேண்டாம். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதோடு ஒப்பிட்டால், இதன் அருமை புரியும்.

ஓமப்பொடி போலத்தான்!

பாசியிலிருந்து கிடைப்பது ஆல்ஜினேட். ஐஸ்க்ரீமைக் கெட்டியாக்கவும், பல் டாக்டர்கள் அச்சு எடுக்கவும் பயன்படுவது. இதைக் கூழாக்கி, நுண்துளைகள் வழியே கால்சியம் உப்புக் கரைசலுக்குள் பிழிந்தால் இழையாக இறுகும். எண்ணெயில் ஓமப்பொடி பிழிவது போலத்தான்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1940-களிலேயே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இந்த இழையைத் தயாரித்தார்கள். ஆனால், சோப்புத் தண்ணீர் பட்டதும் அது கரைந்தது. துவைத்தால் காணாமல் போகும் சட்டையை யார் வாங்குவார்கள்?

அங்கேதான் பல துறை அறிவும் கைகோக்க வேண்டியிருக்கிறது. இழையின் பக்குவம் வேதியியல் தெரிந்தவரின் வேலை. பின்னல் மெஷினின் ஊசியில் மாட்டி இழுத்தால் அறுகிறதா, வளைகிறதா என்று சொல்ல பின்னலாடைக்காரர் வேண்டும். உடையை அளவுக்கேற்ற வடிவத்திலேயே பின்னிவிட்டால், திருப்பூரில் மூட்டை மூட்டையாகச் சேருகிறதே ‘கட்டிங் வேஸ்ட்’, அதுவும் மிச்சம்.

வகுப்பறை முயற்சி ‘ஆல்ஜிநிட்’ நிறுவனமாக வளர்ந்தது. 2022-ல் ‘கீல் லேப்ஸ்’ என்று பெயர் மாறியது. இவர்களின் ‘கெல்சன்’ இழையில் பின்னிய உடை, 2023-ல் பாரிஸில் நடந்த ஸ்டெல்லா மெக்கார்ட்னி ஃபேஷன் ஷோ மேடையேறியது.

ஆனால், ஃபேஷன் மேடை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைக் கூட்டம் வேறு. மலிவான பாலியெஸ்டரோடு விலையில் மோதி ஜெயித்தால்தான் கடலுக்கு உண்மையான லாபம். அந்தப் பரீட்சை இன்னும் பாக்கி.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் ‘கட்டக்கோரை’ பாசியிலும் ஆல்ஜினேட் உண்டு. துணியில் பிரின்ட் போடும் சாயத்தைக் கெட்டியாக்க ஆல்ஜினேட் பயன்படுகிறது. சாயத்தில் கலப்பதை நூலாகவே ஆக்க முடியுமா? நம் ஊர் ஃபேஷன் மாணவர்களும் கெமிஸ்ட்ரி மாணவர்களும் ஒரே லேபில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு இது.