நீலம் பாரிக்கும் குழாய்

விஷம் ஏறினால் உடம்பு நீலம் பாரிக்கும் என்பார்கள். பழைய புல்லட்டுக்கும் அப்படித்தான். என்ஜினை ஒட்டிய பளபளக்கும் குரோம் குழாய் முதலில் பொன்னிறமாகும், பிறகு நீலமாகும். டில்லி கரோல்பாகில் புதுக் குழாய் உடனே கிடைக்கும். ஆனால் ட்யூனிங்கைக் கவனிக்காவிட்டால் அதுவும் நீலமாகிவிடும்.

காரணம், சூடு. காய்ந்த உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படர்கிறது. அது தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. சாதாரண எஃகு சுமார் 220 டிகிரி செல்சியஸில் இளமஞ்சளாகும். 300 டிகிரியை நெருங்கினால் நீலமாகும்.

லேசான நிறமாற்றம் சகஜம். அளவுக்கு மீறிய நீலத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுவது. மற்றது, தீப்பொறி தாமதமாக விழுவது. அப்போது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் கலவை எரிந்தபடியே குழாய்க்குள் பாய்கிறது.

எனவே முதலில் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் கார்புரேட்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உண்மை தெரியும்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பே சரி. குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவும் கூடாது. நின்ற இடத்தில் என்ஜினை நெடுநேரம் ஓடவிடுவதும் கெடுதல்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புது புல்லட்டுகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் அளவைக் கணிப்பது மின்னணுக் கருவி. பழைய வண்டிக்கோ மெக்கானிக்கின் கண்ணும் காதும்தான் கதி. அலட்சியம் செய்தால் வால்வு கருகும், பிஸ்டனும் தப்பாது. பாலிஷ் போட்டு நீலத்தைத் துடைத்துவிடலாம். நோய் உள்ளேதான் இருக்கும்.