ஆவாரம்பூ கஷாயமும் பாத எரிச்சலும்

சர்க்கரை வந்து எட்டு, பத்து வருஷம் ஆனவங்க பலருக்கு ராத்திரி படுத்ததும் உள்ளங்கால் எரியும். சிலருக்கு மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி, சிலருக்கு முள்ளு மேல நிக்கிற மாதிரி. பகலில் வேலையில் மறந்துபோகும், ராத்திரி தூங்க விடாது. எங்க ஆலங்காயம் பக்கம் இதுக்கு முதலில் கைக்கு வருவது ஆவாரம்பூ கஷாயம். ஆவாரை பூத்த ஊரில் சாவே இருக்காது என்கிற அர்த்தத்தில் ஒரு பழமொழியே உண்டு. முன்னாடி பாட்டி சொன்னாங்கன்னு குடிச்சாங்க. இப்ப காரணத்துக்குப் புதுசா ஒரு வார்த்தை சேர்ந்திருக்கு: ஆன்டிஆக்ஸிடன்ட்.

வாதம் இப்படிப் போகுது. சர்க்கரை நோயில் நரம்பு கெடுவதற்கு ஆக்ஸிஜனேற்றச் சேதம் ஒரு காரணம். ஆவாரம்பூ அந்தச் சேதத்தைத் தடுக்கும் பொருள். அதனால கஷாயம் குடிச்சா நரம்பு வலி போகும். முதல் ரெண்டு வரியும் பெரும்பாலும் சரி. மூணாவது வரிக்குப் போற வழியில்தான் பாலம் உடைஞ்சிருக்கு. அது எங்க உடையுதுன்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நரம்பு. கால் விரலில் தொடு உணர்வைத் தாங்கி நிற்கும் நரம்பு இழையின் செல் உடல் விரலில் இல்லை, கீழ் முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இருக்கு. அங்கிருந்து விரல் நுனி வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல். இவ்வளவு நீளமான வயரைப் பராமரிக்க நிறைய சக்தி வேணும், அதை மைட்டோகாண்ட்ரியா தருது. தசை செல் மாதிரி நரம்பு செல் இன்சுலினுக்காகக் காத்திருக்காது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினா உள்ளேயும் ஏறும். அளவுக்கு மீறி எரிபொருள் வந்தா மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்ஸைடு என்ற துடுக்கான மூலக்கூறைக் கூடுதலாகக் கசியவிடுது. சர்க்கரையின் பல சிக்கல்களுக்கும் இந்தக் கசிவுதான் பொதுவான ஊற்று என்று மைக்கேல் பிரவுன்லி 2001-ல் நேச்சர் இதழில் எழுதினார். இதோட இன்னொரு வினை: மிஞ்சின சர்க்கரையை சார்பிட்டாலா மாற்றும் என்சைம், குளூட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான அதே மூலப்பொருளைச் செலவழிச்சிடுது. குளூட்டாதயோன்தான் செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட். அதாவது தீயும் கூடுது, தண்ணித் தொட்டியும் காலியாகுது. நீளமான நரம்பு முதலில் அடிபடும். அதனாலதான் எரிச்சல் விரலில் ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும்.

அடுத்து ஆவாரை. ஒரு செடிச் சாறு ஆன்டிஆக்ஸிடன்டா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் வழக்கமா செய்வது ரொம்ப எளிமையான சோதனை. டி.பி.பி.ஹெச். என்று ஒரு ஊதாநிறக் கரைசல், அதில் சாறை ஊத்தினா மஞ்சளா மாறும். எவ்வளவு சீக்கிரம் மாறுதோ அவ்வளவு வீரியம். பாலிஃபீனால் இருக்கிற எந்தச் செடியும் இதில் பாஸ் ஆகும். டீத்தூள், மாதுளைத் தோல், கொய்யா இலை எல்லாம் பாஸ். 'என் மெஷின்ல ஓடுதே' என்று டெவலப்பர் சொல்ற பதில் மாதிரிதான் இது. சர்வரில் ஓடணும்னு கட்டாயம் இல்லை.

பாலிஃபீனால் உடம்புக்குள்ள என்ன செய்யும் என்று புரிய, நம்ம பக்கத்து ஆளுக்கு புஸ்தகம் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் குரோம் வருவதற்கு முன்னாடி தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில்தான். அந்தப் பட்டையில் டானின் அதிகம். டானினும் பாலிஃபீனால்தான், உருவத்தில் பெரிசு. அது தோலில் இருக்கிற கொலாஜன் புரதத்தைப் பிடிச்சுக்கிட்டு விடாது. அந்தப் பிடியால்தான் அழுகிப்போக வேண்டிய பச்சைத்தோல் லெதர் ஆகுது. கடைசியில் நிறத்துக்காகக் கடுக்காய்த் தண்ணியில் ஒரு முக்கு. 'ஈஸ்ட் இந்தியா' லெதர் என்ற பெயரில் மெட்ராஸ் துறைமுகம் வழியா லண்டன் போன சரக்கு இதுதான். பிற்பாடு வாட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோம் வந்து வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடிச்சது. அது வேற கதை, பாலாறு அழுத கதை.

புரதத்தைக் கண்டா பிடிச்சுக்கிற இந்தக் குணம் குடலிலும் மாறாது. கஷாயத்தில் இறங்கும் பெரிய டானின்கள் சாப்பாட்டுப் புரதத்தையும் இரும்புச் சத்தையும் பிடிச்சுக்கிட்டு அப்படியே வெளியே போகும். ரத்தசோகை உள்ளவங்களைச் சாப்பாட்டோட டீ குடிக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். சின்ன மூலக்கூறுகள், ஃப்ளேவனாய்டுகள், கொஞ்சம் உள்ளே போகும். போனதும் குடலும் கல்லீரலும் அதில் வேற ஒரு தொகுதியை ஒட்டி சிறுநீருக்கு அனுப்பத் தயாராக்கிடும். மிஞ்சி ரத்தத்தில் சுத்துவது பொதுவா மைக்ரோமோலார் கணக்கு. செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் மில்லிமோலார் கணக்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். லாரித் தண்ணி ஓடுற இடத்தில் ஒரு சொம்பு தண்ணி.

எலி ஆராய்ச்சி இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு, நம்ம ஊர்க்காரங்களே செஞ்சது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 2002-ல் வந்த ஆய்வில், ஸ்ட்ரெப்டோசோடாசின் ஊசி போட்டு சர்க்கரை வரவழைச்ச எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு 30 நாள் கொடுத்தாங்க, சர்க்கரையும் கொழுப்பும் குறைஞ்சது. நல்ல வேலை. ஆனா அதில் அளந்தது சர்க்கரை, வலி இல்லை. அதிகபட்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 0.45 கிராம். எலி அளவை மனுஷ அளவாக்க வழக்கமா 6.2-ஆல் வகுப்பாங்க: கிலோவுக்கு சுமார் 73 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு சுமார் 4.4 கிராம். இது பூ இல்லை, வத்த வைச்சு உலர்த்தின சாறு. பூவா கணக்குப் போட்டா இதைவிடப் பல மடங்கு வேணும். காலையில் ஒரு ஸ்பூன் பூ போட்டு வடிகட்டுவது அந்தப் பக்கமே போகாது.

மற்ற செடிகளை வைச்சு வலியையே அளந்த எலி ஆய்வுகளும் நிறைய உண்டு. சூடான தட்டில் எலி எத்தனை வினாடியில் காலைத் தூக்குதுன்னு பார்ப்பாங்க. படிக்கும்போது ரெண்டு விஷயம் கவனிக்கணும். சாறு சர்க்கரையையும் குறைச்சதா? அப்படின்னா வலி குறைஞ்சது சர்க்கரை குறைஞ்சதாலயா, ஆக்ஸிஜனேற்றம் தடுக்கப்பட்டதாலயான்னு பிரிக்க முடியாது. சாறை எப்ப ஆரம்பிச்சாங்க? சர்க்கரை வரவழைச்ச சில நாளிலேயே ஆரம்பிச்சிருந்தா அது தடுப்பு. பத்து வருஷம் கழிச்சு எரிச்சலோட வர்ற மனுஷன் அந்த எலி இல்லை.

மனுஷங்களிடம் இந்த யோசனையை ஒழுங்கா சோதிச்சது செடிச் சாறை வைச்சு இல்லை, ஆல்ஃபா லிபோயிக் அமிலத்தை வைச்சு. ஜெர்மனியில் ரொம்ப நாளா நரம்பு நோய்க்குக் கொடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் அது. 2006-ல் வந்த சிட்னி 2 ஆய்வில் 181 பேர், ஐந்து வாரம். தினம் 600 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கு அறிகுறி மதிப்பெண் 51 சதவீதம் இறங்கிச்சு. அட, பரவாயில்லையே என்று தோணும். ஆனா மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் 32 சதவீதம் இறங்கியிருக்கு! என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் முக்கியமான எண் இதுதான். எரிச்சல் ஏறி இறங்கி வரும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம புதுசா ஒண்ணைக் குடிக்க ஆரம்பிக்கிறோம், அதனால அடுத்த மாசம் எப்படியும் கொஞ்சம் குறையும். அப்புறம் நாலு வருஷம் ஓடிய நேதன் 1 ஆய்வு 2011-ல் வந்தது, 460 பேர். நரம்பு கெடுவது மெதுவாகுதான்னு பார்க்க அவங்க முதன்மையா வைச்ச அளவுகோலில் தெளிவான வித்தியாசம் கிடைக்கலை. இருக்கிற ஆய்வுகளைத் தொகுத்த 2024 காக்ரேன் அறிக்கையும், ஆறு மாசத்தில் அறிகுறிகளில் பெரிசா பலன் இல்லை என்றே சொல்லுது. சுத்தமான, அளவு தெரிஞ்ச, உறிஞ்சப்படுற பொருளுக்கே இந்த நிலைமை.

மஞ்சளைப் பத்தியும் ஒரு வார்த்தை. குர்குமின் தனியா ரத்தத்தில் ஏறவே ஏறாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் இரண்டு கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் மிளகுச் சத்து கொடுத்துப் பார்த்தப்ப, கிடைக்கும் அளவு 20 மடங்கு கூடிச்சு. எல்லாரும் இதைப் பெருமையா சொல்றோம். மிளகு அதைச் செய்வது உடம்பின் கழிவகற்றும் வழியை மறிச்சு. அதே மறியல் நீங்க சாப்பிடுற மற்ற மாத்திரைகளுக்கும் விழும், அதை யாரும் சொல்றதில்லை.

இதில் வேடிக்கை என்னன்னா, நரம்பு வலிக்கு முறையான ஆய்வுகளைத் தாண்டி அங்கீகாரம் வாங்கின செடிப் பொருள் ஒண்ணு நம்ம அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கு. மிளகாயின் கேப்சைசின். 8 சதவீத பட்டியை 2020-ல் அமெரிக்க மருந்து ஆணையம் சர்க்கரைப் பாத வலிக்கு அனுமதிச்சது. அது ஆன்டிஆக்ஸிடன்டா வேலை செய்யலை. சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற கதவை வலுக்கட்டாயமா திறந்தே வைச்சு, தோலில் இருக்கிற நரம்பு நுனியைச் சில மாசம் செயலிழக்க வைக்குது. அந்தக் கதவைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021 நோபல். மருத்துவர் மேற்பார்வையில் ஒட்ட வேண்டிய பட்டி அது, வீட்டில் மிளகாய் அரைச்சுப் பூசிடாதீங்க.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. கஷாயம் குடிச்சு ஒரு வருஷத்தில் எரிச்சல் சுத்தமா நின்னுடுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. பொய் இல்லை, நின்னிருக்கும். ஆனா கெட்டுப்போன நரம்பு கத்தும், செத்த நரம்பு கத்தாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாம எரிச்சல் மட்டும் அடங்கினா அது குணமாகவும் இருக்கலாம், மரத்துப்போனதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு. இந்தப் பாடம் உலகத்துக்குப் போனதே நம்ம வேலூரிலிருந்துதான். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானா அழுகி விழலை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத்தான் தேயுதுன்னு நிறுவினார். அந்த ஆட்களுக்காக அவரும் சக ஊழியர்களும் பயன்படுத்திய மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பைத்தான், எம்.சி.ஆர். செருப்புன்னு இன்னிக்கு சர்க்கரைக்காரங்களுக்கு எழுதிக் கொடுக்கிறாங்க. உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்பும் வட்டாரத்தில், உணர்வு போன காலோட வெறுங்காலில் தார் ரோட்டில் நடக்கிறவங்களை நான் தினம் பார்க்கிறேன்.

அதனால கஷாயம் குடிக்கிறவங்ககிட்ட நான் குடிக்காதீங்கன்னு சொல்றதில்லை. மாத்திரையை நிறுத்தாதீங்க, குடிக்கிறதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, ஏன்னா ரெண்டும் சேர்ந்து சர்க்கரையை ரொம்ப இறக்கலாம். மெட்ஃபார்மின் பல வருஷம் எடுக்கிறவங்களுக்கு பி12 குறையும், அதுவும் இதே எரிச்சலைத் தரும், அதைச் சரிசெய்ய வழி உண்டு. ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்க. செடியோட நிற்காம பஸ்பம், செந்தூரம் என்று போகிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பையே கெடுக்கிற விஷங்கள்.

எரிச்சல் நின்னுடுச்சுன்னா ஒரு சின்ன சோதனை, இப்ஸ்விச் தொடு சோதனைன்னு பெயர். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்க. ரெண்டு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியை ஒவ்வொண்ணா உங்க ஆள்காட்டி விரலால் ஒரு வினாடி, ரெண்டு வினாடி லேசா தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க. தொட்டது தெரிஞ்சா எந்தக் கால்னு சொல்லணும். ஆறில் ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா, அந்த வாரமே கால் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க.