24 மணித்தியாலச் சோதனை போதுமா?

சித்திரை வெயிலில் இரணைமடுப் பக்கத்து வீடொன்றின் சீற் கூரை அறை பின்னேரம் ஐந்து மணிக்கும் ஆறாமல் கிடக்கும். அதே அறையில் மார்கழி விடியற்காலையில் போர்வை தேடுவோம். கணினியின் புரொசசரை, செய்த நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். 'ஓவர்குளொக்' பற்றிய வழிகாட்டிகளை எழுதுபவர்களில் பலர் 20, 22 பாகை அறையில் இருந்து எழுதுகிறார்கள். அவர்கள் தரும் எண்களை அப்படியே வன்னிக்குக் கொண்டுவர முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்டவே இயங்குகிறது. கணினிப் பொறியியல் படிக்கிறவர்களும், கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற இளைஞர்களும், இரவிரவாக விளையாடுகிறவர்களும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். புதுப் புரொசசர் வாங்கக் காசு போதாதபோது, இருப்பதையே இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாமா என்ற எண்ணம் வருவது இயல்பு. ஓட்டலாம். ஆனால் 'நாளாந்தப் பாவனைக்குப் பாதுகாப்பானது' என்று எதை வைத்துச் சொல்வது?

புரொசசருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு ஓடுகிறது. 4 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.25 நனோ செக்கன். ஒளிகூட அந்த நேரத்தில் ஏழரைச் சென்ரிமீற்றர்தான் போகும். இந்த இடைவெளிக்குள் ஒரு சமிக்ஞை பல திரான்சிற்றர்களைக் கடந்து, 0 அல்லது 1 என்று நிலைபெற்றுவிட வேண்டும். நிலைபெறுவதற்கு முன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் பிழையான பெறுமானம் பதிவாகும். வேகத்தைக் கூட்டுவது என்றால் இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான். சுருங்கிய நேரத்துக்குள் திரான்சிற்றர்கள் மாற வேண்டுமானால் வோல்ற்றளவைக் கூட்ட வேண்டும். அங்கேதான் வெப்பம் பிறக்கிறது.

புரொசசர் வெளிவிடும் வெப்பம் மீடிறனோடு நேராகக் கூடும். வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடும். 1.20 வோல்ற்றில் 4.0 கிகாஹேர்ட்ஸில் ஓடும் ஒன்றை 1.35 வோல்ற்றில் 4.6க்குக் கொண்டு போகிறோம் என்று வைப்போம். வேகம் 15 சதவீதம் கூடுகிறது. வெப்பம் ஏறக்குறைய 45 சதவீதம் கூடுகிறது. முன்பு 100 வாற்று என்றால் இப்போது 145 வாற்று. குளிரூட்டி ஒவ்வொரு வாற்றுக்கும் 0.4 பாகை சூடேற விடுகிறது என்று கொண்டால், புரொசசர் அறையைவிட 58 பாகை கூடுதலாக இருக்கும். 24 பாகை அறையில் 82; பயம் இல்லை. சித்திரையில் 36 பாகை அறையில் 94. பல இன்டெல் புரொசசர்கள் 100 பாகையை எட்டும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் வெயில் காலத்தில் கைக்கு வராமலே போகலாம். ஆடி, ஆவணிச் சோளகம் கிளப்பும் புழுதி குளிரூட்டியின் தகடுகளுக்குள் படிந்தால், அந்த 0.4 மெதுவாக 0.5 ஆகும். அப்போது எண்கள் இன்னும் மோசமாகும்.

ஆகவே முதலாவது விதி எளியது. தை மாதத்தில் சோதித்துத் தேறிய அமைப்பு தேறிய அமைப்பு அல்ல. உங்கள் அறை ஆண்டிலேயே அதிகம் வெக்கையாக இருக்கும் நாளில், பெட்டியின் மூடியைப் பூட்டி, வழக்கமான இடத்திலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். சித்திரை வரை காத்திருக்க முடியாதென்றால் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து அந்த வெக்கையைச் செயற்கையாக உண்டாக்கலாம்.

வெப்பத்தைப் பார்ப்பது சுலபம். திரையில் எண் தெரியும். வழுவைப் பார்ப்பதுதான் கடினம். கணினி உறைந்து நின்றாலோ நீலத் திரை வந்தாலோ அது நல்ல காலம் என்றே சொல்வேன், ஏனென்றால் பிரச்சினை இருப்பது தெரிந்துவிட்டது. தெரியாமல் போகும் வழுதான் ஆபத்து. 1.1ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழுவெண்ணாக்கினால் 156 வரும். பேஸ்புக் பொறியியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் கணினியொன்றின் புரொசசரில் ஒரேயொரு கரு (கோர்) இந்தக் கணக்குக்கு 0 என்று விடை தந்ததைக் காட்டினார்கள். கணினி நின்றுபோகவில்லை, எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. கோப்பின் அளவு 0 என்று கணிக்கப்பட்டதால் கோப்புகள் எழுதப்படாமலே காணாமல் போயின. அது வேகம் கூட்டப்பட்ட புரொசசரும் அல்ல, சாதாரண சேர்வர் ஒன்றின் புரொசசர். குறித்த வேகத்திலேயே இப்படி நடக்கக்கூடும் என்றால், நாமாகவே இடைவெளியைச் சுருக்கிய கணினியில் எவ்வளவு கவனம் வேண்டும்!

இந்த மண்ணில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 2009க்கு முந்திய படங்களையும் பத்திரங்களையும் போர்க்கால இடப்பெயர்வில் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். எஞ்சிய இரண்டொரு படங்களை, வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பியவற்றை, ஸ்கான் செய்து வீட்டிலுள்ள ஒரே கணினியில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணினியில் பிள்ளை விளையாட்டுக்காக வேகத்தைக் கூட்டியிருந்தால், கோப்பைப் பிரதி எடுக்கும்போது மாறிப்போகும் ஒரு பிற் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? பலரும் ஓட்டுவது பிரைம்95 என்ற மென்பொருள். 1996இல் ஜோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்டது அது. பல நாள் ஓடும் கணக்கில் ஒரு பிற் பிழையானாலும் முழு உழைப்பும் வீண் என்பதால், விடை ஏற்கனவே தெரிந்த கணக்குகளைப் புரொசசரிடம் கொடுத்து ஒப்பிடும் சோதனையை அதில் சேர்த்தார்கள். நிற்கிறதா, ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல் விடை சரியா என்று பார்ப்பதுதான் இதன் சிறப்பு. நினைவகத்தின் வேகத்தையும் கூட்டியிருந்தால் மெம்டெஸ்ற்86 போன்ற சோதனையும் தனியே வேண்டும்.

எத்தனை மணித்தியாலம் ஓட்டுவது என்பதில்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் போதும் என்பார்கள், எட்டு என்பார்கள், 24 என்பார்கள். புள்ளிவிபரவியல் இதற்குத் தெளிவான பதில் தருகிறது. சராசரியாக நாளொன்றுக்கு ஒரு வழு விடும் கணினியை எடுங்கள். அது ஒரு மணித்தியாலச் சோதனையைக் குறையின்றிக் கடக்கும் வாய்ப்பு 96 சதவீதம். எட்டு மணித்தியாலத்தைக் கடக்கும் வாய்ப்பு 72 சதவீதம். 24 மணித்தியாலம் ஓட்டினாலும் 37 சதவீத வாய்ப்பில் அது தேறிவிடும். மறுவளமாகப் பாருங்கள்: 24 மணித்தியாலம் ஒரு வழுவும் இல்லாமல் ஓடியது என்பதை வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, வழு சராசரியாக எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்றைவிட அடிக்கடி வராது என்பது மட்டுமே. மூன்று வருடம் பாவிக்கப்போகும் கணினிக்கு இது என்ன உத்தரவாதம்? நேரத்தைக் கூட்டிக் கூட்டி உறுதி தேட முனைந்தால் மாதக்கணக்கில் ஓட்ட வேண்டி வரும்.

உறுதி மணித்தியாலத்தில் இல்லை, விட்டுவைக்கும் இடைவெளியில் இருக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுக் குளக்கட்டு இதை விளங்கிக்கொள்ள உதவும். அண்மைய புனரமைப்பில் குளத்தின் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தது. இருக்கிற குளத்திலிருந்து கூடுதல் பயன் எடுக்கும் வேலைதான் அதுவும். ஆனால் கோடையில் பல மாதம் உடையாமல் நின்றது என்பதை வைத்து எந்தப் பொறியியலாளரும் ஒரு கட்டைப் பாதுகாப்பானது என்று கையெழுத்து வைப்பதில்லை. வரக்கூடிய பெரிய வெள்ளத்தைக் கணித்து, அதன் மட்டத்துக்கு மேலும் கட்டில் சில அடிகள் வெறுமையாக விடுகிறார்கள். மிஞ்சும் நீருக்கு வான்கதவுகள் வைக்கிறார்கள். 2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த பெருமழை போன்ற ஒரு நாளுக்காகத்தான் அந்த வெறுமை.

புரொசசரிலும் இதையே செய்யலாம். 4.6 கிகாஹேர்ட்ஸில் பாவிக்க விரும்பினால் அதே வோல்ற்றளவில் 4.7இல் சோதியுங்கள். அல்லது 4.6இலேயே வோல்ற்றளவை ஒரு படி குறைத்துச் சோதியுங்கள். அந்தக் கடினமான நிலையில், வெக்கையான அறையில் தேறினால், ஒரு படி பின்வாங்கிய நிலையில் நாளாந்தம் பாவியுங்கள். சரியாக எந்த வேகத்தில் விழுகிறது என்று தெரியாமல் 'நிற்கிறது' என்று சொல்பவருக்குத் தன் கணினியின் எல்லை எங்கே என்று தெரியாது. விழும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று அளக்க முடியும்.

இன்னொன்றும் பலர் தவறவிடுவது. எல்லாக் கருக்களும் முழுச் சுமையில் ஓடும்போது தேறிய கணினி, வெறுமனே வெப் பக்கம் திறக்கும்போது விழும். இன்றைய புரொசசர்கள் சுமை குறைவாக இருக்கும்போது ஒன்றிரண்டு கருக்களை ஆக உயர்ந்த வேகத்துக்கு ஏற்றுகின்றன. ஓய்விலிருந்து சுமைக்குத் தாவும் கணத்தில் வோல்ற்றளவு சற்றுச் சரிந்து மீள்கிறது. அந்தச் சரிவில் வழு விழலாம். ஆகவே ஒவ்வொரு கருவாகத் தனித்தனியே சோதிப்பதும், சுமையை விட்டு விட்டுக் கொடுப்பதும், சில நாள் சும்மா பாவித்துப் பார்ப்பதும் சோதனையின் பகுதிதான். விண்டோஸின் ஈவன்ற் வியூவரில் 'வீயா' என்ற பெயரோடு வன்பொருள் வழுக்கள் பதிவாகும். திருத்தப்பட்ட வழு என்று அது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். திருத்த வேண்டி வந்ததே எல்லை கிட்டிவிட்டது என்பதற்கு அடையாளம்.

மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து இலட்சம் சாதாரணக் கணினிகளின் விழுகைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். வேகம் கூட்டிய கணினிகள் புரொசசர் வழுவால் விழும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பல மடங்கு. ஒரு தடவை விழுந்தது மறுபடி விழும் வாய்ப்பும் மிக அதிகம். குறித்த வேகத்துக்கும் கீழே ஓட்டப்பட்டவை குறைவாகவே விழுந்தன. 'ஒருக்கால்தானே நின்றது' என்று சமாதானம் சொல்வதற்கு இந்த ஆய்வில் இடமே இல்லை.

இன்று தேறியது நாளையும் தேறுமா என்பது தனிக் கேள்வி. சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் பாயும் இலத்திரன்கள் உலோக அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்துகின்றன. திரான்சிற்றர்களும் கூடிய வோல்ற்றளவிலும் வெப்பத்திலும் தளர்ந்து, அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் வோல்ற்றளவு கேட்கத் தொடங்கும். இது பாடப்புத்தகக் கதை மட்டும் அல்ல. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசசர்கள் பலவற்றில், யாரும் வேகத்தைக் கூட்டாமலே, விளையாட்டுகள் அறுந்து விழுந்தன. மிகையான வோல்ற்றளவு காரணம் என்று 2024இல் அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டு, ஓகஸ்ற்றில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் மேலும் கெடுவதைத் தடுக்கும். ஏற்கனவே தளர்ந்த சில்லை அது மீட்காது. 2023இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சில புரொசசர்கள் எரிந்தபோதும் தீர்வு சில்லின் எஸ்.ஓ.சி. பகுதிக்குப் போகும் வோல்ற்றளவுக்கு 1.3 வோல்ற் என்று வரம்பு வைப்பதாகவே இருந்தது. வேகத்தைக் கூட்டுவதைவிட வோல்ற்றளவைக் கூட்டுவதில்தான் சில்லின் ஆயுள் கரைகிறது.

1998இல் வந்த செலரன் 300ஏயை 300 மெகாஹேர்ட்ஸிலிருந்து 450க்கு ஏற்றியவர்கள் பலர். பாதி வேகம் இலவசமாகக் கிடைத்த காலம் அது. இன்றைய புரொசசர்கள் கிடைக்கும் வெப்ப, மின் இடைவெளியைத் தாமே பார்த்து வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சில சதவீதம்தான். அதற்காகக் கூடுதல் வெப்பத்தைச் சித்திரையில் ஓர் அறைக்குள் கொட்டுவதும், கூடும் மின்கட்டணத்தைச் சுமப்பதும் வன்னி வீட்டுக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு. பயொஸில் மின்வலு வரம்பைக் குறைத்துப் பாருங்கள், ரைசனில் ஈக்கோ மோட் என்று இருக்கும். வேகம் கொஞ்சமே குறையும், வெப்பம் நிறையக் குறையும். விசிறியின் இரைச்சலும் அடங்கும். வரம்பைக் குறைப்பது வேறு, வோல்ற்றளவைக் கையால் குறைப்பது வேறு. பின்னையது இடைவெளியைத் தின்னும். அதற்கும் மேலே சொன்ன சோதனை அத்தனையும் வேண்டும்.

விளையாட்டுக்கு மட்டும் என்று ஒரு கணினி இருந்து, அதில் இழக்க எதுவும் இல்லையென்றால் தாராளமாகச் செய்து பாருங்கள். கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆய்வறிக்கையோ கடைக் கணக்கோ வீட்டுப் படங்களோ இருக்கும் கணினியில் வேண்டாம். இரணைமடுவுக்கு எவ்வளவு வெள்ளம் வரும் என்று மாதிரியாக்கம் செய்யும் மாணவர் ஒருவர், வேகம் கூட்டிய கணினியின் விடையை இயல்பு வேகத்தில் மறுபடி ஓட்டி ஒப்பிடாமல் கையளிக்கவே கூடாது. எதையும் மாற்றுமுன் முக்கிய கோப்புகளை வெளியே ஒரு வட்டில் பிரதி எடுத்து வையுங்கள். வேகம் கூட்டிய கணினியில் ஒரேயொரு வழு தென்பட்டாலும் இயல்பு அமைப்புக்குத் திரும்பி, இடைப்பட்ட நாட்களில் எழுதிய கோப்புகளைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழு வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை, புழுதி தட்டி, குளிரூட்டிக்கு அடியில் உள்ள வெப்பப் பசையை மாற்றி, வெயில் உச்சத்தில் அதே ஒரு படி கடினமான சோதனையை மறுபடி ஓட்டுங்கள். போன வருடம் தேறிய இடத்தில் இந்த வருடம் விழுந்தால், வோல்ற்றளவைக் கூட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.